டேவி கண்ட தோல்வி

பித்தளைப் பாத்திரத்தில் புளி கரைத்து வைத்தால் என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பாட்டிமார்களுக்குத் தெரியும். அதற்கு ரசாயன சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை. களிம்பு ஏறும். அதனால்தான் ஒரு காலத்தில், ஈயம் பூசுகிறவரின் குரல் தெருக்கோடியில் கேட்டதுமே பாத்திரங்களெல்லாம் திண்ணைக்கு வந்துவிடும். புளிக்கும் பித்தளைக்கும் நடுவே ஒரு திரை. அவ்வளவுதான் அந்த வித்தை.

ஆனால் உலோகத்தைக் காப்பாற்ற இன்னொரு வழியும் உண்டு. அது கொஞ்சம் விசித்திரமானது. ஓர் உலோகம் பிழைப்பதற்காக வேறோர் உலோகத்தைப் பலி கொடுப்பது. இந்த வழியை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர் ஸர் ஹம்ப்ரி டேவி. சொன்னதற்காக அவர் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை பூர்த்தியாகும். நான் நாவல் எழுதுகிறவன். ஆகையால் எனக்கு அந்தப் பாடுதான் முக்கியமாகப் படுகிறது.

அது மரக்கப்பல்களின் காலம். கடலில் அவற்றுக்கு எதிரியின் பீரங்கியைக் காட்டிலும் பெரிய பகை ஒன்று இருந்தது. கப்பல் புழு என்று ஒரு ஜந்து. அடிமரத்தைக் குடைந்து சல்லடையாக்கிவிடும். அது போதாதென்று பாசியும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் கப்பலின் அடியில் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்து அதன் வேகத்தைக் குறைத்துவிடும். ஆங்கிலேயக் கடற்படையார் 1761-ல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்து மேற்கு இந்தியத் தீவுகளின் பக்கம் அனுப்பிப் பார்த்தார்கள். புழு அண்டவில்லை, பாசியும் அதிகம் பிடிக்கவில்லை.

ஆனால் 1763-ல் அதைச் சோதித்தபோது வேறொரு வேடிக்கை வெளிப்பட்டது. தகடுகளை அடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் இற்றுக் கூழாகிப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் அடித்த நாளில் இருந்தபடியே இருந்தன. காரணம் என்ன? தகடுகள் காகிதத்தில் சுற்றி வந்திருந்தன. அந்தக் காகிதத்தைச் சில இடங்களில் கிழித்தெடுக்காமல் அப்படியே வைத்து அடித்துவிட்டார்கள். செம்பும் இரும்பும் நேராகத் தொட்ட இடத்தில் இரும்பு அழிந்தது. நடுவே காகிதம் இருந்த இடத்தில் பிழைத்தது. ஏன் என்பது அன்றைக்கு ஒருவருக்கும் விளங்கவில்லை. அதற்காகச் செம்பைக் கைவிடவும் இல்லை. பிற்பாடு கடற்படை முழுவதுமே செப்புக் கவசம் பூண்டுகொண்டது.

விடை இத்தாலியிலிருந்து வந்தது. இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்பு நீரில் நனைத்த அட்டையை வைத்து அடுக்கடுக்காகக் கட்டினால் மின்சாரம் பிறக்கிறது என்று 1800-ல் வோல்ட்டா அறிவித்தார். அப்படியானால் செப்புத் தகடும் இரும்பு ஆணியும் கடல்நீரும் சேர்ந்த ஒரு கப்பல், தானே ஒரு மின்கலம் அல்லவா! அந்தக் கலத்தில் எந்த உலோகம் எளிதில் கரையுமோ அது கரையும், மற்றது பிழைத்துக்கொள்ளும். இரும்பும் செம்பும் ஜோடி சேர்ந்தால் அழிவது இரும்புதான்.

இங்கேதான் டேவி வருகிறார். 1778-ல் கார்ன்வாலில் பென்ஸான்ஸ் என்ற ஊரில், மரச் சிற்பம் செதுக்கும் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். வைத்தியர் ஒருவரிடம் மருந்து கலக்கும் தொழில் பழகியவர். மின்சாரத்தைச் செலுத்தி 1807-ல் பொட்டாஸியம், ஸோடியம் என்ற இரண்டு புதிய உலோகங்களைப் பிரித்தெடுத்தார். சுரங்கத் தொழிலாளிகளின் உயிரைக் காக்க 1815-ல் ஒரு விளக்குச் செய்து, அதற்குக் காப்புரிமை கூட வாங்காமல் ஊருக்குக் கொடுத்தார். 1820-ல் ராயல் ஸொஸைட்டியின் தலைவரானார். செப்புத் தகடு சீக்கிரம் அரித்துப் போகிறதே, விலையோ அதிகம், ஏதாவது வழி உண்டா என்று கடற்படையார் 1823-ல் கேட்டபோது, அவரைத் தவிர வேறு யாரிடம் அந்தக் கேள்வி போயிருக்கும்?

டேவி செய்த யோசனை மிக அழகானது. 'அலார்ம்' கப்பலில் வியாதியாக இருந்ததையே அவர் மருந்தாக்கினார். செம்போடு சேர்ந்தால் இரும்பு அழிந்து செம்பு பிழைக்கிறது அல்லவா? வேண்டுமென்றே அப்படிச் சேர்த்து வைத்தால் என்ன? பரிசோதித்துப் பார்த்தார். பட்டாணி அளவு துத்தநாகம், அல்லது ஒரு சிறிய இரும்பு ஆணியின் முனை, நாற்பது ஐம்பது சதுர அங்குலச் செம்பைக் காப்பாற்றிவிட்டது! 1824 ஜனவரியில் ராயல் ஸொஸைட்டியில் இதை அறிவித்தார்.

உடனே கப்பல்களில் பிரயோகம் நடந்தது. அவற்றில் ஒன்று நம் பக்கத்துக் கப்பல். கொச்சியில் கட்டி 1822-ல் வெள்ளோட்டம் விட்ட 'ஸமராங்'. அதன் அடியில் இரும்புப் பாளங்களைப் பொருத்தி நோவா ஸ்கோஷியா வரைக்கும் அனுப்பினார்கள். 1825 ஜனவரியில் திரும்பி வந்தது. செம்பு நல்ல நிலையில் இருந்தது. டேவி வெற்றி பெற்றுவிட்டார் என்றுதானே சொல்லத் தோன்றும்?

இல்லை. இப்படிக் காப்புப் பெற்ற மற்றக் கப்பல்கள் ஒவ்வொன்றாகத் துறைக்கு வந்தபோது பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். செம்பு தேயவில்லை, ஆனால் அதன்மேல் பாசியும் கொட்டலசும் காடாக மண்டிக் கிடந்தன. கப்பல்கள் நகர மறுத்தன. போர்க்கப்பல் நகராவிட்டால் அதன் தகடு பளபளத்து என்ன பிரயோசனம்? கடலோடும் கப்பல்களுக்கு இந்த ஏற்பாடு வேண்டாம் என்று 1825-லேயே உத்தரவாகிவிட்டது. நேற்றுவரை புகழ்ந்த வாய்கள் இன்று குறை சொல்லின.

என்ன நேர்ந்தது என்பது இப்போது நமக்குத் தெரியும். செம்பு கடல்நீரில் மெள்ள மெள்ளக் கரைகிறது. கரைந்த அந்தச் செம்பு, ஒட்ட வருகிற சின்ன ஜந்துக்களுக்கு விஷம். எதைக் கடற்படையார் நஷ்டமென்று எண்ணி நிறுத்தச் சொன்னார்களோ, அந்த அரிப்புதான் கப்பலைக் காவல் காத்து வந்தது. டேவி அரிப்பை நிறுத்தினார், காவலும் நின்றுவிட்டது. அவருடைய சாஸ்திரத்தில் ஓர் எழுத்துப் பிசகு கிடையாது. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னார். கேள்விதான் பாதிக் கேள்வி.

டேவி 1826-ன் கடைசியில் பக்கவாதத்தில் விழுந்தார். மறு வருஷம் தலைமைப் பதவியை விட்டார். 1829 மே மாதம் ஜெனீவாவில், ஐம்பது வயதில், கண்ணை மூடினார். மூன்று வருஷம் பொறுத்து மண்ட்ஸ் என்ற பர்மிங்ஹாம்காரர், செம்பு ஆறு பங்கும் துத்தநாகம் நாலு பங்குமாக ஒரு கலவைத் தகட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். விலை குறைவு, பாசி பிடிக்காத அளவுக்கு மட்டும் தேயும். தேய்வை ஒழிக்காமல் அளவோடு வைத்துக்கொண்டார் அந்த மனிதர். 1837-ல் பிரான்ஸில் ஸோரெல், இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். நம் கிணற்றடியில் கிடந்த வாளிக்கு வந்த வெள்ளைப் பூச்சு அதுதான். அந்தப் பூச்சு வெறும் திரையல்ல. எங்கேனும் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்திலிருக்கும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். டேவியின் பட்டாணி வாளிக்குள் புகுந்து வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்துவிட்டது.

இன்று துறைமுகத்தில் நிற்கும் எஃகுக் கப்பலின் அடியைப் பார்த்தால் துத்தநாகக் கட்டிகளோ அலுமினியக் கட்டிகளோ பொருத்தியிருக்கும். அவை கரைந்து எஃகைக் காக்கின்றன. மேலே பூசிய சாயத்தில் அநேகமாகச் செம்பின் சேர்மம் கலந்திருக்கும். அது கசிந்து கொட்டலசைத் துரத்துகிறது. டேவி கண்ட உண்மையும் டேவியைத் தோற்கடித்த உண்மையும் ஒரே கப்பலில் ஒற்றுமையாகப் பிரயாணம் செய்கின்றன. இரண்டுக்கும் இடம் உண்டு. தனித்தனி வேலை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேய்கிறதே என்று நாம் பதறுகிற பொருள்கள் உலகத்தில் எத்தனையோ. பதறுவது தப்பில்லை. ஆனால் தேய்வை நிறுத்தக் கை நீட்டுமுன், அது யாருக்காகத் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்ள, டேவியைப் போன்ற ஒரு மேதையின் மானமே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.