ஒரு மின்குமிழும் ஒரு பெருவிமானமும்

விமானப் போக்குவரத்தின் வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை பேரை ஏற்றியது, எவ்வளவு தூரம் பறந்தது என்பனவே அதில் முதலிடம் பெறுகின்றன. ஆயினும், அப்பொறிகளை இயக்கியோர் தம்முள் வேலையை எவ்வாறு பகிர்ந்துகொண்டனர் என்ற வினா, சிலவேளைகளில் பொறியின் சிறப்பைவிடப் பெரிதாகிவிடுகின்றது. லொக்கீட் நிறுவனத்தின் ட்றைஸ்ரார் விமானமும், அதனைப் பயணிகள் சேவையில் முதன்முதலாக ஈடுபடுத்திய ஈஸ்ரேன் எயர்லைன்ஸ் நிறுவனமும் இதற்குச் சான்று பகர்கின்றன.

1960களின் பிற்பகுதியில், போயிங் 747 விமானத்திலும் சிறியதாய், ஆனால் அகன்ற உடலும் இரட்டை நடைபாதையும் கொண்டதாய் ஒரு விமானத்தை அமெரிக்க நிறுவனங்கள் வேண்டி நின்றன. அத்தேவைக்கு விடையாக எழுந்தவற்றுள் ஒன்றே ட்றைஸ்ரார். இறக்கைகளின் கீழ் இரண்டு, வாலில் ஒன்று என மூன்று இயந்திரங்கள் அதற்கு. 1970 நவம்பர் 16ஆம் நாள் அது முதன்முறை வானேறியது. மூன்று மாதம் நிறைவதற்குள், 1971 பெப்ரவரி 4ஆம் நாள், அதற்கு இயந்திரம் செய்துகொண்டிருந்த றோல்ஸ் றோய்ஸ் நிறுவனம், அவ்வியந்திரத்தின் செலவைத் தாங்கமாட்டாது வங்குரோத்து நிலையை அடைந்தது. பிரித்தானிய அரசு அந்நிறுவனத்தைத் தேசியமயமாக்கியது. லொக்கீட் நிறுவனத்துக்கு 25 கோடி டொலர் கடனுக்கு உத்தரவாதம் அளிக்கும் சட்டமூலம், அமெரிக்க செனற் சபையில் 49க்கு 48 என ஒரேயொரு வாக்கினால் நிறைவேறியது.

இத்தகைய இடர்களைக் கடந்து, 1972 ஏப்ரல் 26ஆம் நாள் ட்றைஸ்ரார் ஈஸ்ரேன் நிறுவனத்தின் சேவையில் இறங்கியது. 1920களில் தபால் சுமக்கத் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்தது ஈஸ்ரேன். குளிருக்கு அஞ்சிய வடபுலத்தாரைப் புளோரிடாவின் வெயிலுக்கு அழைத்துச் செல்வது அதன் வாணிபத்தின் உயிர்நாடி. தானாகவே தரையிறங்கவல்ல கருவிகளைக் கொண்டிருந்த புதிய விமானம் அதற்குப் பெருமை சேர்த்தது.

அப்பெருமைக்கு ஆண்டு முடியுமுன்னரே சோதனை வந்தது. 1972 டிசம்பர் 29ஆம் நாள் இரவு, 163 பயணிகளுடனும் 13 பணியாளருடனும் நியூயோர்க்கிலிருந்து வந்த ட்றைஸ்ரார் மியாமியை அணுகியது. முன்சில்லு இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. தலைமை விமானி இறங்குவதைக் கைவிட்டு 2,000 அடிக்கு ஏறினார். அவ்வுயரத்தைக் காக்கும் பொறுப்பு தானியங்கிக் கருவியிடம் ஒப்படைக்கப்பட்டது. விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தின்மேல் பறக்கலாயிற்று.

விமானிகள் விளக்கைக் கழற்றிப் பார்ப்பதில் முனைந்தனர். பொறியியலாளர், சில்லைக் கண்ணால் காண எண்ணித் தளத்தின் கீழிருந்த அறைக்குள் இறங்கினார். இதற்கிடையில் எவரோ அறியாது கட்டுப்பாட்டுத் தண்டை அழுத்தியமையால், உயரங்காக்கும் அமைப்பு விடுபட்டது எனக் கருதப்படுகின்றது. விமானம் உணர முடியாத அளவு மெல்லத் தாழ்ந்தது. எச்சரிக்கை மணி ஒலித்தது; எவரும் பொருட்படுத்தவில்லை. தரையிலிருந்த கட்டுப்பாட்டாளரின் ராடர் திரை 900 அடி எனக் காட்டியது. அவரும் நிலைமை எவ்வாறுள்ளது எனப் பொதுவாக வினவினாரேயன்றி, உயரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கீழே விளக்கொன்றும் இல்லாத இருள். நள்ளிரவுக்குச் சற்று முன்னர் விமானம் சேற்றில் மோதிச் சிதறியது. 101 பேர் மாண்டனர். 75 பேர் பிழைத்தனர். தவளை பிடிக்கச் சென்றிருந்த ஒருவர், விசிறியால் உந்தப்படும் தம் தட்டைப் படகில் முதலில் விரைந்து வந்து, சேற்று நீரில் தத்தளித்தோர் பலரைக் காத்தார்.

அச்சாணி இல்லாத் தேர் முச்சாணும் ஓடாது என்பர். இங்கோ அச்சாணி குறைவற்றிருந்தது. முன்சில்லு சரியாகவே இறங்கியிருந்தது. எரிந்துபோனது அதனைக் காட்டும் மின்குமிழ் மட்டுமே. இறுதி நான்கு நிமிடங்கள் பறப்புக் கருவிகளை எவரும் கவனியாமையே விபத்தின் காரணம் என அரசாங்க விசாரணை கண்டது. தேர்ச்சிமிக்கோர் அனைவரும் ஒரே சிறு குறையில் கண்ணூன்ற, தலையாய கடமை கவனிப்பாரின்றிப் போயிற்று.

இப்பாடத்தை உலகம் உடனே கற்றுவிடவில்லை. 1978 டிசம்பரில் ஓரிகன் மாநிலத்துப் போட்லாந்து நகரருகே, யுனைற்றெட் நிறுவனத்தின் விமானமொன்று சில்லுக் கோளாற்றை ஆராய்ந்தவாறே வட்டமிட்டு, எரிபொருள் தீர்ந்து வீழ்ந்தது. இத்தகைய விபத்துகளை ஆராய, 1979இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா ஒரு கருத்தரங்கைக் கூட்டியது. அதன் பயனாக விமானப் பணியாளருக்குப் புதியதொரு பயிற்சி உருவாயிற்று. கோளாறு எதுவாயினும் ஒருவர் விமானத்தைச் செலுத்துவதிலேயே கண்ணாயிருத்தல் வேண்டும். இளையவர் ஐயுற்றால் வாய்திறந்து கூறவேண்டும். மூத்தவர் செவிசாய்த்தல் வேண்டும் என்பன அதன் அடிப்படைகள். விமானம் அளவுமீறித் தாழ்ந்தால் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளரை எச்சரிக்கும் அமைப்பும் நடைமுறைக்கு வந்தது.

ட்றைஸ்ரார் பின்னர் பல நாடுகளில் நற்பெயருடன் பறந்தது. 1979இல் தொடங்கப்பட்ட எயர் லங்கா நிறுவனமும் 1980களில் அதனைக் கட்டுநாயக்காவிலிருந்து தொலைதூரச் சேவைகளில் ஈடுபடுத்தியது. எனினும் மொத்தம் 250 விமானங்களே செய்யப்பட்டன. நட்டமுற்ற லொக்கீட் 1980களின் நடுவில் பயணிகள் விமானத் தொழிலையே விட்டொழிந்தது. ஈஸ்ரேன் நிறுவனமும் கடனாலும் வேலைநிறுத்தத்தாலும் நலிந்து, 1991 சனவரி 18ஆம் நாளுடன் பறப்பை நிறுத்தியது.

விமானமும் மறைந்தது, நிறுவனமும் மறைந்தது. நிலைத்தது அவ்விரவின் பாடமே. இன்று உலகெங்கும் விமானி அறையில் விளக்கொன்று எரியாதபோது, இருவருள் ஒருவர் அதனை ஆராய, மற்றவர் தம் கண்ணை உயரமானியினின்று எடாதிருக்கின்றார். அந்த ஒழுங்கு 101 உயிர்களின் விலையால் பெறப்பட்டது.