இலங்கையின் உல்லாச விடுதிகளும் உள்நாட்டு விருந்தினரும் - ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைக் கடற்கரை விடுதியொன்றில் ஓரிரவு தங்க விரும்பும் உள்நாட்டுக் குடும்பம், அதே விடுதியில் அதே வாரத்தில் தங்கும் ஐரோப்பியப் பிரயாணி கொடுப்பதிலும் கூடிய தொகையைக் கொடுக்க நேரிடுகின்றது என்னும் முறைப்பாடு புதியதன்று. விடுதி உரிமையாளரின் பேராசையையோ, வெள்ளைத் தோலுக்குப் பணியும் அடிமை மனப்பான்மையையோ இதற்குக் காரணமாகக் காட்டி விடயத்தை முடித்துவிடுவது வழக்கம். இவ்விரண்டும் அறவே இல்லையென வாதிடுவதற்கில்லை. ஆயினும், கல்லாப்பெட்டியருகே வெளிப்படும் இவ்வேறுபாடு கல்லாப்பெட்டியருகே பிறந்ததன்று. 1960களின் பிற்பகுதியில் அரசு வகுத்த நாணயக் கொள்கையும், அறைகள் விற்கப்பட்ட முறையுமே இதன் தோற்றுவாய் என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.

வழிப்போக்கனுக்குத் தங்க இடமளித்தல் நம் நாட்டில் நெடுங்காலமாக விலைக்குரிய பொருளாக இருக்கவில்லை. சிங்களக் கிராமங்களின் அம்பலங்களும் யாழ்ப்பாணத்து மடங்களும் தருமத்தின் பேரால் எழுந்தவை. பருத்தித்துறையில் தெருவையே தன்னுள் அடக்கி நிற்கும் கற்கட்டடமாகிய தெருமூடிமடத்தை இன்றும் காணலாம். இவ்விடங்களில் எல்லாச் சாதியினரும் சமமாகக் கால் நீட்டிப் படுத்தனர் என்று கருதிவிடலாகாது. அங்கே வேறுபாடு இருந்தது, விலைதான் இல்லை.

விலை, வாடிவீட்டுடன் வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அரும்பிய இவ்வமைப்பைப் பெருந்தெருக்களின் ஓரமாகப் பரப்பியவர் ஆங்கிலேயர். எட்வர்ட் பார்ன்ஸ் தேசாதிபதியாக இருந்த காலத்தில் கொழும்பு - கண்டிப் பாதை அமைக்கப்பட்டபோது எழுந்த அம்பேபுஸ்ஸ வாடிவீடு (1828) இந்நாட்டின் மிகப் பழைய வாடிவீடாகக் கொள்ளப்படுகின்றது. வாடிவீட்டின் முதல் விருந்தினர் கடமையின் நிமித்தம் பயணஞ் செய்த அரசாங்க உத்தியோகத்தர். அவர் வரின் ஏனையோர் அறையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆயினும் கட்டணம் ரூபாவிற் குறிக்கப்பட்டது; செலுத்துவோரின் தேசத்தை ஒட்டி அது மாறவில்லை. கட்டணத்தில் சமத்துவமும் முன்னுரிமையில் ஏற்றத்தாழ்வும் நிலவின எனலாம்.

காலிமுகத்திடல் ஹோட்டல் 1864இல் எழுந்தது. சுயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டபின் கொழும்பு கப்பல்கள் தரித்துச் செல்லும் துறைமுகமாக வளர, துறைமுக வாசலில் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் 1875இல் திறக்கப்பட்டது. இவ்விடங்களில் உள்நாட்டவர்க்குக் கூடிய விலையா குறைந்த விலையா என்ற வினாவே எழவில்லை. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அங்கே சென்றது ஊழியராகவே. அரசு 1937இல் ஓர் உல்லாசப் பிரயாணப் பணியகத்தை நிறுவியபோதும் அதன் நோக்கு கப்பலிலிருந்து இறங்கிச் சில மணிநேரம் ஊர் பார்ப்போரிடமே இருந்தது. போர் காரணமாக அப்பணியகம் 1940இல் மூடப்பட்டது.

உண்மையான திருப்பம் 1966இல் நிகழ்ந்தது. தேயிலை விலை தளர, நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த காலம் அது. அவ்வாண்டில் இலங்கை உல்லாசப் பிரயாணச் சபையும் இலங்கை ஹோட்டல் கூட்டுத்தாபனமும் சட்டத்தால் தாபிக்கப்பட்டன. அவ்வாண்டு இங்கு வந்த பிரயாணிகள் 18,969 பேர் மட்டுமே. அடுத்த ஆண்டில் அமெரிக்க உதவியுடன் பத்தாண்டுத் திட்டமொன்று தயாரிக்கப்பட்டது. கொழும்பு நகர், தென்கரை, கீழ்க்கரை, மலைநாடு, பண்டைய நகரங்கள் என நாடு ஐந்து உல்லாசப் பிரதேசங்களாக வகுக்கப்பட்டது. பெந்தோட்டையில் முதலாவது தேசிய விடுமுறைத் தலம் உருவாகியது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த கடற்கரை ஹோட்டல் அதன் அணியாயிற்று. கீழ்க்கரையில் பாசிக்குடா தெரிவுசெய்யப்பட்டது. முதலீட்டாளர்க்கு வரி விடுமுறையும் தீர்வைச் சலுகையும் வழங்கப்பட்டன. பாதை, நீர், மின்சாரம் ஆகியவற்றை அரசு தன் செலவிற் கொடுத்தது.

இத்திட்டங்களின் உள்ளார்ந்த கணக்கு கவனித்தற்குரியது. விருந்தினர் ஒருவர் கழிக்கும் ஓர் இரவு எத்தனை டொலரை நாட்டுக்கு ஈட்டித் தருகின்றது என்பதே அளவுகோல். அவ்வளவுகோலால் அளந்தால் மட்டக்களப்பிலிருந்து பாசிக்குடாவுக்குச் செல்லும் ஆசிரியர் ஒருவர் எத்தனை இரவு தங்கினாலும் அவரது பெறுமதி பூச்சியமே. அதுமட்டுமன்று, பருவகாலத்தில் அவர் தங்கும் அறை வேறொருவருக்கு விற்கப்படாத அறையுமாகும். தேசிய விடுமுறைத் தலம் எனப் பெயரிடப்பட்ட இடத்தின் பெயரில் இருந்த தேசத்தைக் கணக்கேட்டிற் காணவில்லை என்பது விந்தையே.

இக்கணக்கைச் சந்தையின் விலையாக மாற்றிய கருவி 1968 மே மாதத்தில் வந்த அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ்த் திட்டமாகும். 1967 நவம்பரில் ரூபாவின் மதிப்புக் குறைக்கப்பட்டபின் ஒரு டொலரின் உத்தியோகபூர்வ மாற்றுவீதம் 5.95 ரூபாவாக இருந்தது. புதிய திட்டத்தின்படி, அரிசி, மாவு போன்ற அத்தியாவசிய இறக்குமதிகளுக்கும் தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதிகளுக்கும் பழைய வீதமே நீடித்தது. ஏனைய பலவற்றுக்கு, உல்லாசப் பிரயாணியின் பணம் உட்பட, நூற்றுக்கு 44 மேலதிகமாகக் கொடுக்கப்பட்டது. இம்மேலதிகம் 1969இல் 55 ஆகவும் 1972இல் 65 ஆகவும் உயர்ந்தது. ஆகவே ஒரே நாட்டில் ஒரே பெயருடைய ரூபா இரு பெறுமதிகளோடு உலாவியது.

உதாரணமாக, நாளொன்றுக்கு 60 ரூபா எனக் குறித்த அறையொன்றைக் கொள்வோம். உத்தியோகபூர்வ வீதத்தில் அது ஏறத்தாழ 10 டொலர். 44 வீத மேலதிகத்துடன் மாற்றினால் ஒரு டொலருக்கு 8.57 ரூபா, ஆகவே பிரயாணி கொடுப்பது 7 டொலர். பலகையில் எழுதிய விலை அவருக்கும் 60 ரூபா, பக்கத்தில் நிற்கும் இலங்கையருக்கும் 60 ரூபா. எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. ஆயினும் ஒருவருக்கு மூன்று டொலர் கழிவு கிடைத்துவிட்டது, அதனை அளித்தது விடுதியன்று, அரசே. மறுபுறத்தில், விடுதிக்கு வேண்டிய குளிரூட்டி, குழாய்ச் சாதனம், மதுவகை முதலிய இறக்குமதிப் பொருள்கள் அதே சான்றிதழ் வழியாகக் கூடிய விலைக்கு வாங்கப்பட்டமையால் அறையின் ரூபா விலை ஏறுவது தவிர்க்க முடியாததாயிற்று. அவ்வேற்றத்தைப் பிரயாணிக்கு மேலதிகப் பெறுமதி ஈடுசெய்தது. சம்பளத்தை ரூபாவில் மட்டுமே பெற்றவருக்கு ஈடுசெய்ய ஏதுமிருக்கவில்லை. பாணுக்கு மக்கள் வரிசையில் நின்ற 1973, 1974ஆம் ஆண்டுகளும் இத்திட்டம் நடைமுறையிலிருந்த காலத்திலேயே அடங்கும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இது வரையில் கூறியது ஒரே விலைப்பலகையின் கீழ் நிகழ்ந்தது. பலகையையே இரண்டாக்கியது அறைகள் விற்கப்பட்ட முறை. 1970களில் மேற்கு ஜேர்மனி முதலிய நாடுகளின் பிரயாண நிறுவனங்கள் தனிவிமானங்களில் கூட்டங்கூட்டமாகப் பயணிகளை அனுப்பத் தொடங்கின. பருவகாலம் தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே ஒரு விடுதியின் அறைகளிற் பெரும்பகுதியை அவை ஒப்பந்தத்தால் ஒதுக்கிக்கொண்டன. நிச்சயமான வருவாயை விரும்பிய விடுதி, பட்டியல் விலையிலும் வெகுவாகக் குறைத்துக் கொடுத்தது. விமானச்சீட்டு, அறை, உணவு யாவும் ஒரே பொதியாகப் பிராங்பேர்ட்டில் விற்பனையாயின. அப்பொதியுள் அறையின் விலை எவ்வளவு என்பது பயணிக்கே தெரியாது. எஞ்சிய சில அறைகளுக்கே பட்டியல் விலை பொருந்தியது. அவற்றைக் கேட்டு வந்தவர் யார்? முகவர் இல்லாதவர், ஆறு மாதம் முன்கூட்டித் திட்டமிட இயலாதவர், பாடசாலை விடுமுறை விட்டபின் பிள்ளைகளுடன் புறப்படுபவர். சுருங்கச் சொன்னால், இந்நாட்டவர். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நுவரெலியாப் பருவத்தில் அறைவிலை உயர்வதும் இதே நியாயத்தாலாகும்: உள்நாட்டவர் எப்போது வருவரோ அப்போதே விலை ஏறும். இன்றைய இணையவழி முகவர் நிறுவனங்கள், குறித்த சில நாடுகளிலிருந்து பதிவு செய்வோர்க்கு மட்டும் கழிவு கொடுக்கும் வசதியை விடுதிகளுக்கு வழங்குகின்றன. கருவி புதியது, ஒப்பந்த விலைக்கும் வாசல் விலைக்குமிடையிலான பிரிவு பழையது.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். சிகிரியாவில் ஏறுவதற்கு வெளிநாட்டவர் 30 டொலருக்குக் குறையாமற் செலுத்த, நம்மவர் சொற்ப ரூபாவுடன் ஏறுகின்றனரே, ஆகவே பாகுபாடு மறுதிசையிலன்றோ உள்ளது என்பர். இவ்வொப்பீடு பொருந்தாது என்பதே என் கருத்து. சிகிரியா பொதுச்சொத்து. அதனைப் பேணும் செலவை வரியாக ஏற்கெனவே செலுத்தியவர் குடிமகன். வாயிலிற் குறைத்துக் கொடுப்பது அவர் கொடுத்ததைக் கணக்கிற் கொள்வதாகும். ஆனால் வரி விடுமுறையும் பொதுச் செலவிலான பாதையும் பெற்று எழுந்த விடுதியின் ஆக்கத்துக்கும் அதே குடிமகனே செலுத்தியுள்ளார். அங்கே அது எவ்வாயிலிலும் கணக்கிற் கொள்ளப்படவில்லை.

1977 நவம்பரில் இரட்டை மாற்றுவீதம் ஒழிக்கப்பட்டு, டொலர் ஏறத்தாழ 16 ரூபாவில் விடப்பட்டது. அதன்பின் பிரயாணிகள் தொகை விரைந்து வளர்ந்து 1982இல் 407,230ஐ எட்டியது. மறு ஆண்டு ஜூலைக் கலவரமும் தொடர்ந்த போரும் அதனைக் குலைத்தன. 1987இல் வந்தோர் 182,620 பேர். வெறுமையாகிய அறைகளை வைத்துக்கொண்டுதான் விடுதிகள் உள்நாட்டவரைக் கண்டுபிடித்தன. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னும், 194,495 பிரயாணிகளே வந்த 2021இலும் அதே கண்டுபிடிப்பு மீண்டும் நிகழ்ந்தது. உள்நாட்டவர்க்கான சலுகை விலை எனப் பத்திரிகைகளில் விளம்பரமாகும் விலையின் வரலாற்றைத் தேடுவோர், அது செழித்த ஆண்டுகள் நாட்டின் துயர ஆண்டுகளாக இருப்பதைக் காண்பர். அது குடியுரிமைக்குக் கிடைத்த மதிப்பன்று. வெளிநாட்டவர் வராமையின் நிழல்.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகின்றது? யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒரு சாராருக்குத் தனிப் பாத்திரத்தில் தேநீர் வழங்கப்பட்ட வழக்கம் நாமறிந்தது. அத்தகைய விலக்கல்களைக் குற்றமாக்க 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றின் காரணமாகக் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள் முதலியவற்றுட் செல்வதற்கு எவரும் தகைமையீனத்துக்கு உட்படுத்தப்படலாகாது என விதிக்கின்றது. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளைத் தோற்றத்தவர்க்கே அனுமதி என அறிவிக்கப்பட்ட விருந்தொன்று பெருங்கண்டனத்தின் பின் கைவிடப்பட்டது. வாசலிற் காவல் நிற்க இவ்வுறுப்புரை வல்லது. விலைப்பட்டியலின் முன் அது மௌனம் சாதிக்கின்றது. வதிவிடமோ நாணயமோ அதன் பட்டியலில் இல்லை. கியூபாவில் டொலர் ஈட்டும் நோக்குடன், 2008 மார்ச் வரை சொந்த நாட்டவர் உல்லாச ஹோட்டல்களிலே தங்குவது தடுக்கப்பட்டிருந்தது. அங்கே ஆணையால் செய்யப்பட்டதனை இங்கே விலை, ஓசையின்றிச் செய்தது எனலாம்.

பாசிக்குடாவின் கதை இவையாவற்றையும் ஓரிடத்திற் காட்டும். 1978 நவம்பர்ச் சூறாவளியும், பின்னர் போரும், 2004இன் கடற்கோளும் அங்கிருந்த விடுதிகளைச் சிதைத்தன. அந்த இடைக்காலத்தில் ஆழமற்ற அவ்விரிகுடாவில் குளித்தவர்கள் பெரும்பாலும் கல்குடா, வாழைச்சேனை, மட்டக்களப்பு மக்களே. 2009இன் பின் புதிய விடுதிகள் எழுந்தன. கடல் யாவர்க்கும் பொதுவாகவே உள்ளது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகளில் வரும் குடும்பங்கள் பொதுக் கரையில் சோற்றுப்பொதி அவிழ்ப்பதை இன்றும் காணலாம். அவர்களுக்கும் அப்பாலுள்ள அறைகளுக்கும் இடையில் வேலி எல்லா இடத்திலும் இல்லை. டொலர் எல்லா இடத்திலும் உண்டு.

2021 டிசெம்பரில், நாட்டுக்கு வெளியே வதிவோரிடம் ஹோட்டல்கள் வெளிநாட்டு நாணயத்தையே பெறல் வேண்டுமென மத்திய வங்கி பணித்தது. அதற்கு மூன்று மாதங்களின் பின் ரூபா மிதக்கவிடப்பட்டது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் 2022 மே மாதமளவில் 360 ரூபாவாயிற்று. டொலரில் விலை குறித்த விடுதியின் 100 டொலர் அறை உள்நாட்டவர்க்கு 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவாகியது. 1968இல் சான்றிதழ் செய்ததை இம்முறை சான்றிதழின்றியே மாற்றுவீதம் செய்து முடித்தது. ஐரோப்பியப் பிரயாணியின் பற்றுச்சீட்டில் அது 100 டொலராகவே இருந்தது.