டெம்ப்ளர் ஹெல்மெட்டும் முத்துக்குளித்துறைக்கு வந்த நைட்டும்

இணையத்தில் 'நைட் ஹெல்மெட்' என்று தேடிப் பாருங்கள். முதலில் வந்து நிற்பது வாளியைக் கவிழ்த்த மாதிரி ஓர் இரும்புக் கூடு. கண்ணுக்கு நேரே குறுக்காக ஒரு பிளவு, மூக்கை ஒட்டி இறங்கும் ஒரு பித்தளைப் பட்டை, இரண்டும் சேர்ந்தால் சிலுவை. கன்னத்தில் மூச்சுவிடச் சில துளைகள். பெயர் 'டெம்ப்ளர் ஹெல்மெட்'. வாங்குகிறவர் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருப்பார். செய்த இடத்தைப் பார்த்தால் பல நேரம் நம்ம டேராடூன், இல்லாவிட்டால் மீரட்! டேராடூனின் விண்ட்லாஸ் நிறுவனம் 1943இல் கூர்க்கா படைகளுக்குக் குக்ரி கத்தி செய்யத் தொடங்கியது. இன்றைக்கு ஐரோப்பியர்கள் தங்கள் இடைக்காலத்தை நடித்துப் பார்க்க வாளும் கவசமும் அங்கேயிருந்து போகிறது.

இதில் பெரியதாழைக்காரனுக்கு என்ன சோலி என்று கேட்பீர்கள். சோலி இருக்கு.

டெம்ப்ளர் சபையைப் போப்பாண்டவர் 1312இல் கலைத்தார். போர்ச்சுகல் மன்னர் தினிஸ் மட்டும் ஒரு காரியம் செய்தார். தன் நாட்டில் அவர்களுக்கு இருந்த சொத்தையும் ஆட்களையும் 1319இல் 'கிறிஸ்துவின் சபை' என்ற புதுப்பெயரில் கொண்டுவந்துவிட்டார். கம்பெனி மூடி வேறு பெயரில் திறந்த கதைதான். பின்னால் கடலோடி இளவரசர் ஹென்றி இந்தச் சபைக்குத் தலைவரானார். போர்த்துகீசியக் கப்பல்களின் பாய்மரத் துணியில் நாம் படங்களில் பார்க்கும் சிவப்புச் சிலுவை இந்தச் சபையினுடையது.

அந்தச் சபையின் நைட் ஒருவர் நம் கரைக்கே வந்திருக்கிறார், அதுவும் வெள்ளைக்காரர் இல்லை. கோழிக்கோடு சாமூதிரி 1510களில் லிஸ்பனுக்கு அனுப்பிய மலையாள இளைஞர். அங்கே ஞானஸ்நானம் பெற்று ஜுவான் தா குரூஸ் ஆனார். மன்னர் மானுவேல் அவருக்குக் கிறிஸ்துவின் சபையில் நைட் பட்டம் கொடுத்தார். ஊர் திரும்பிக் குதிரை வியாபாரம் பார்த்தார், கடனிலும் மாட்டினார். 1530களின் நடுவில் கன்னியாகுமரிப் பக்கத்து அரசர்களுக்குக் குதிரை விற்க வந்தபோது, முத்துக்குளிப்பு உரிமைச் சண்டையில் நசுங்கிக் கிடந்த பரதவர்களிடம் போர்த்துகீசியர் உதவியை நாடச் சொன்னவர் இவர்தான். பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனது, 1537க்குள் கரை முழுக்க ஞானஸ்நானம் நடந்தது, 1542இல் சவேரியார் வந்தது எல்லாம் அதற்குப் பின்னால். சவேரியார் பெயர் கரையில் எல்லா ஊரிலும் இருக்கிறது. இந்தக் குதிரை வியாபாரியின் பெயர் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, அவர் தலையில் இந்த வாளி இருந்திருக்குமா? வாய்ப்பே இல்லை. டெம்ப்ளர்கள் தொடங்கிய 12ஆம் நூற்றாண்டில் அவர்களே போட்டது கூம்பு வடிவத் தொப்பி, மூக்குக்கு முன்னால் ஒரு பட்டையோடு. வாளி வடிவம் முழுமையாக வந்தது 13ஆம் நூற்றாண்டில். 1400 வாக்கில் அது போர்க்களத்தை விட்டுப் பந்தய மைதானத்துக்குப் போய்விட்டது. நம் கரைக்குப் போர்த்துகீசியர் வந்தபோது அது தாத்தாவுக்குத் தாத்தா காலத்துச் சாமான். துப்பாக்கிக்காரனுக்குக் குறிபார்க்க முகம் திறந்திருக்க வேண்டும். அதனால் முகம் மூடாத இரும்புத் தொப்பிகள்தான் புழக்கம். நடுவில் கொண்டை உயர்ந்து இரு முனையும் படகு மாதிரி வளைந்த 'மோரியன்' அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியது. தேரிமணல் கொதிக்கும் சித்திரை வெயிலில் மூடிய இரும்புக்குள் தலையை விட்டு யாரும் சண்டை போட முடியாது என்பதை எங்க ஊர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நைட்டுகள் இந்தக் கடலோரத்தில் வேறு வழியாக நுழைந்தார்கள். மேடை வழியாக! கேரளத்தில் கோதுருத்து, கொச்சிப் பக்கம் ஆடும் சவிட்டு நாடகத்தில் முதன்மையானது 'காறல்மான் சரிதம்'. காறல்மான் என்றால் சார்லமேன், கி.பி. 800இல் முடிசூடிய பேரரசர். அவருடைய பன்னிரண்டு வீரர்களும் தலையில் மினுமினுக்கும் கவசத்தோடு பலகை மேடையை மிதித்து அதிரவைப்பார்கள். பாட்டின் மொழி தமிழ் கலந்தது. ஆக்கியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் என்பது மரபு. முத்துக்கடலின் மறுகரையான மன்னாரைப் போர்த்துகீசியர் 1560இல் பிடித்து, புன்னைக்காயலிலிருந்து பரதவர்களைக் கொண்டுபோய் அங்கே குடியேற்றினார்கள். அந்த மாதோட்டப் பகுதியில் 'என்றீக்கு எம்பரதோர் நாடகம்' ஆடினார்கள், பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் அதைப் பதிப்பித்தார். என்றீக்கு என்பது ஹென்றி, எம்பரதோர் என்பது போர்த்துகீசிய மொழியில் பேரரசன். ஐரோப்பாவில் 'ரீஎனாக்ட்மென்ட்' என்று சங்கம் வைத்து வார இறுதியில் செய்வதை நம் மீனவர்கள் எப்போதோ தொடங்கிவிட்டார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். சார்லமேன் காலத்தில் அப்படித் தலைக்கவசம் கிடையாதே என்று ஒருவர் கேட்டால், டெம்ப்ளர் வாளி விற்கிறவரிடமும் அதே கேள்வியைக் கேட்கட்டும்.

வாங்க நினைக்கும் தம்பிகளுக்கு இரண்டு வார்த்தை. 18 கேஜ் தகடு ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், அலமாரிக்குப் போதும். உண்மையாகவே அடிவாங்கும் விளையாட்டுக்கு 14 கேஜ், அதாவது கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் வேண்டும். உள்ளே தடித்த மெத்தையும் தாடைவாரும் இல்லையென்றால் எத்தனை மில்லிமீட்டர் இருந்தும் பிரயோஜனமில்லை. 'பழைய துரு' பூசி பழம்பொருள் என்று விற்பார்கள். மூட்டில் வெல்டிங் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். பழையது ஆணி அடித்து இணைத்தது. நம்ம உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் அசல் துருவே வந்துவிடும். தேங்காயெண்ணெய் தடவாதீர்கள், பிசுக்கேறி தூசி பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது.

சேகரிப்பு என்று வந்தால் எனக்குத் தஞ்சாவூர்தான் ஞாபகம் வரும். கடைசி மராட்டிய மன்னர் 1855இல் இறந்தபின் அரண்மனை ஆயுதசாலையைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்சம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தங்கியது. மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். ஐரோப்பிய வாளலகை வெட்டி நம் கைப்பிடியில் பூட்டிய கட்டாரிகளெல்லாம் அந்தக் குவியலைச் சேர்ந்தவை. இரும்புக்கே அந்தக் கதி என்றால் கூத்துக்காரரின் அட்டைக் கிரீடத்தை யார் எடுத்துவைப்பார்கள்? திருவிழா முடிந்ததும் ஜிகினாத்தாள் உரிந்து, அடுத்த மழையில் அட்டை ஊறி, குப்பைக்குப் போகும். டேராடூன் வாளி எத்தனை வேண்டுமானாலும் ஆர்டர் போட்டு வாங்கலாம். இதை வாங்க முடியாது.

மணப்பாட்டிலிருந்து உவரி வரை, அல்லது மன்னார்ப் பக்கம், யார் வீட்டுப் பரணிலாவது பழைய நாடகத் தலைக்கவசமோ, அண்ணாவியாரின் கொப்பியோ, மேடையில் எடுத்த ஒரு படமோ கிடந்தால் எனக்கு எழுதுங்கள். பொருளை அனுப்ப வேண்டாம். வெளிச்சத்தில் வைத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து அனுப்பினால் போதும். எந்த ஊர், எந்த நாடகம், யார் தலையில் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கூடவே எழுதிவிடுங்கள்.