விருந்தாளிக்கு மட்டும்!

எங்கள் பெரியப்பா வீட்டு ஹாலில் ஒரு சோபா இருந்தது. கடையிலிருந்து வரும்போது சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரை அவர் கழற்றவே இல்லை. பசங்க யாராவது ஏறி உட்கார்ந்தால், ‘டேய், இறங்குடா! வர்றவங்க உட்கார்றதுக்குடா அது’ என்று உள்ளேயிருந்து குரல் வரும். வர்றவங்க வந்தார்கள். காபி குடித்தார்கள். கோடையில் பிளாஸ்டிக் முதுகோடு ஒட்டிக்கொள்ள, நெளிந்துவிட்டுப் போனார்கள். பெரியப்பா மட்டும் வருடக்கணக்காகத் தரையில் பாய் விரித்துத்தான் பேப்பர் படித்தார்.

நான் காமர்ஸ் படித்தவன். எங்கள் பாஷையில் இதற்கு ‘டெட் ஸ்டாக்’ என்று பெயர். முதல் போட்டாச்சு, பிரயோஜனம் இல்லை.

இந்தப் புத்தி நமக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கொஞ்சம் வசதியான குடும்பங்கள் சோபாவை அல்ல, ஒரு முழு அறையையே இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தன.

அந்த அறையின் பெயர் பார்லர். உடனே பியூட்டி பார்லர் ஞாபகம் வந்தால் தப்பில்லை, இரண்டும் ஒரே சொல்தான். ‘பேசு’ என்று பொருள்படும் பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்தது. ஆனால் வீட்டுக்காரர்கள் அங்கே உட்கார்ந்து பேசியது ரொம்பக் கம்மி. வாசலைப் பார்த்த, வீட்டின் மிக நல்ல அறை. குதிரை முடி அடைத்த, உட்கார்ந்தால் வழுக்கும் சோபா. குஞ்சம் தொங்கும் கனத்த திரை. கண்ணாடிக் கூண்டுக்குள் மெழுகுப் பூக்கள். முடிந்தவர்கள் வீட்டில் ஒரு பியானோ. நடுநாயகமாகப் பெரிய பைபிள்.

குடும்பமோ பின்கட்டிலும் சமையலறை அடுப்பைச் சுற்றியும் வாழ்ந்துகொண்டிருந்தது. பாதிரியார் வந்தால் பார்லர் கதவு திறக்கும். பெண்ணை விரும்பி வரும் பையன் அங்கேதான் உட்கார்ந்து கைகளைப் பிசைந்துகொண்டிருப்பான். கல்யாணம் என்றால் திறக்கும். சாவு என்றாலும் திறக்கும். இறந்தவர் உடலை அங்கேதான் கிடத்துவார்கள். வாழ்நாளெல்லாம் தூசி தட்டிய அறையில் ஒருவர் நிம்மதியாகக் கால் நீட்டிப் படுத்தது அன்றைக்குத்தான்!

இந்த அறைக்கு எதிராக மல்லுக்கு நின்றவர்களில் முக்கியமானவர் ஒரு பத்திரிகைக்காரர். பெயர், எட்வர்ட் பாக்.

1863ல் நெதர்லாந்தில் பிறந்தவர். 1870ல் குடும்பத்தோடு கப்பலேறி அமெரிக்கா வந்தார். புரூக்ளினில் வறுமை. ஒரு பேக்கரியின் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து வாரம் 50 சென்ட் சம்பாதித்த பையன். வளர்ந்து பதிப்பகங்களில் வேலை பார்த்தார். 1889ல், இருபத்தாறு வயதில், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்துகொண்டிருந்த ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ பத்திரிகைக்கு ஆசிரியர் ஆகிவிட்டார்.

1895ல் பாக் ஒரு வேலையைத் தொடங்கினார். 1,500லிருந்து 5,000 டாலருக்குள் கட்டக்கூடிய வீடுகளின் வரைபடங்களைப் பத்திரிகையில் வெளியிட்டார். பிடித்திருந்தால் ஐந்து டாலர் அனுப்புங்கள், முழு பிளானும் தபாலில் வீடு தேடி வரும். ஆர்க்கிடெக்ட்கள் கொதித்தார்கள். தொழிலின் மானம் போகிறது என்று பலர் படம் போட்டுத்தர மறுத்தார்கள். மறுத்தவர்களில் ஒருவர், அன்றைய அமெரிக்காவின் நட்சத்திரக் கட்டடக் கலைஞரான ஸ்டான்ஃபோர்ட் ஒயிட். பிற்பாடு அவரே, ‘நான் செய்தது தப்பு. இப்போது வந்து கேட்டால் காசில்லாமலே போட்டுத் தருவேன்’ என்ற ரீதியில் எழுதியதாக பாக்கின் சுயசரிதை சொல்கிறது.

அந்த பிளான்களில்தான் பாக் தன் குறும்பைக் காட்டினார். வேலைக்காரப் பெண்ணின் அறை, வழக்கமான பொந்தாக இல்லாமல் பெரிதாக இருந்தது. பார்லர்? அது காணவே காணோம்! அந்த இடத்தில் ‘லிவிங் ரூம்’ என்று எழுதியிருந்தது. அல்லது, லைப்ரரி. இதைப் பற்றி அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. படத்தில் பார்லர் இல்லை, அவ்வளவுதான். படத்தைப் பார்த்துக் கட்டியவர்கள் வீட்டிலும் இல்லாமல் போனது.

1901ல் ஃபிராங்க் லாயிட் ரைட் என்ற இளம் கலைஞரின் வீட்டு பிளானும் அதே பத்திரிகையில் வந்தது. லிவிங் ரூம், சாப்பாட்டு அறை, லைப்ரரி மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று திறந்துகொள்ளும் வீடு. ரைட் பின்னால் உலகப் புகழ் பெற்றது தனிக் கதை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘லிவிங் ரூம் என்ற வார்த்தையையே பாக்தான் கண்டுபிடித்தார்’ என்று ஒரு கதை உலவுகிறது. நம்பாதீர்கள். 1850லேயே அது அச்சில் இருக்கிறது. பார்லர் மறைந்ததற்கும் பாக் மட்டுமே காரணமில்லை. வீட்டுக்குள் குழாய், குளியலறை, வெந்நீர் என்று வசதிகள் வரவர, கட்டும் செலவு எகிறியது. செலவைச் சமாளிக்க வீடு சுருங்கியது. வருடத்துக்குப் பத்து நாள் திறக்கும் அறையைக் கட்ட எவனுக்குக் கட்டுப்படியாகும்? பாக் அந்தக் கணக்குக்கு ஒரு அழகான முகம் கொடுத்தார். 1903ல் பத்திரிகையின் விற்பனை பத்து லட்சத்தைத் தொட்டது. அப்படியென்றால் எத்தனை வீடுகள் அந்த முகத்தைப் பார்த்திருக்கும்!

ஆனால் பாக் அத்தோடு நிற்கவில்லை. ஊரில் உள்ள நல்ல வீடுகளின் உட்புறத்தைப் போட்டோ பிடித்துத் தொடராகப் போட்டார். அப்புறம் நாற்காலி, மேஜைகளை ஜோடி ஜோடியாக அச்சிட்டு, ‘இது நல்ல ரசனை, இது மட்ட ரசனை’ என்று மார்க் போட்டார். இங்கேதான் சிக்கல். நேற்றுவரை விருந்தாளி என்ன நினைப்பாரோ என்று பயந்த குடும்பம், இப்போது பத்திரிகை ஆசிரியர் என்ன சொல்வாரோ என்று பார்க்க ஆரம்பித்தது. விருந்தாளிகூட வருடத்துக்கு நாலு தடவைதான் வருவார். பத்திரிகை மாதாமாதம் வந்தது.

இன்னொரு முரண்பாடு. பெண்களின் அறையைத் திறந்துவிட்ட இதே மனிதர், பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்று எழுதியவர். வீட்டை வசதியாக்கித் தருகிறேன், நீங்கள் அதற்குள்ளேயே இருங்கள் என்கிற கட்சி! அமெரிக்கப் பெண்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1920ல் ஓட்டுரிமை வாங்கிவிட்டார்கள்.

இன்றைக்கு நம் ஹாலை அழகாக்க ஐடியாவுக்குப் பஞ்சமே இல்லை. திரும்பின பக்கமெல்லாம் படம். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் பாக்கின் தொடரை எடுத்துக்கொள்ளாமல் அவருடைய பிளானை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு வாரம் வீட்டைக் கவனியுங்கள். அம்மா எந்த மூலையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார்? பையன் எந்த வெளிச்சத்தில் படிக்கிறான்? அப்பாவின் முட்டிவலிக்கு எவ்வளவு உயரத்தில் நாற்காலி வேண்டும்? இந்தக் கணக்கைப் போட்ட பிறகு கலர், திரைச்சீலை பற்றி யோசிக்கலாம்.

பெரியப்பா காலமானபோது, அவரைக் கிடத்த ஹாலில் இடம் போதவில்லை. நாங்கள் நாலு பேர் சேர்ந்து சோபாவைத் தூக்கி வாசலில் போட்டோம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதில் உட்கார்ந்தார்கள்.

கவர் அப்போதும் அப்படியேதான் இருந்தது.