தேசவழமை: வழக்காறு சட்டமான வரலாறு

வழக்காறு, நீதிமன்றத் தீர்ப்பு, சட்டமியற்றல் ஆகியவற்றைச் சட்டத்தின் தனித்தனி மூலங்களாக வகுப்பது சட்டவியல் மரபு. யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமையில் இவ்வெல்லைகள் அத்துணைத் தெளிவாக இல்லை. வழக்காற்றைத் தொகுப்பதும் ஒருவகைச் சட்டவாக்கமே என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

1706ஆம் ஆண்டில் ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் யாழ்ப்பாண மக்களின் வழமைகளைத் தொகுக்குமாறு பணித்தார். அங்கு நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707ஆம் ஆண்டு சனவரியில் தொகுப்பை நிறைவுசெய்தார். அதன் தமிழ் மொழிபெயர்ப்பைப் பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்து ஏற்றனர்.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூவகைச் சொத்துப் பாகுபாட்டுடன் தொகுப்பு தொடங்குகிறது. தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் உரியன என்பது பழைய நெறி. ஆயின் ஆட்சி மாற்றங்களால், சிறப்பாகப் போர்த்துக்கேயர் காலத்தில், இந்நெறி திரிந்தது என்பதைத் தொகுப்பே ஒப்புக்கொள்கிறது. எனவே எழுத்தில் நிலைபெற்றது தொன்மை மாறா வழமையன்று; இயங்கிக்கொண்டிருந்த வழமையின் ஒரு கட்டமே.

யாருடைய வாய்மொழி வழமையாக ஏற்கப்பட்டது என்பதும் இங்கு எழும் வினா. கோவியர், நளவர், பள்ளர் முதலியோரை அடிமைகளாகக் கொண்டு அவர்தம் கடமைகளையும் தொகுப்பு வரையறுத்தது. அதனை ஆராய்ந்து ஏற்ற அவையோ முதலியார்களின் அவை. மேலோரின் உரிமைக்கோரிக்கை 'நாட்டு வழமை' என்னும் பொதுப்பெயரால் நீதிமன்றம் ஏறுவதற்கு இது வழிவகுத்தது.

பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் தேசவழமைக்கு முழுச் சட்டவலு அளித்தனர். அதன்பின் ஒரு விதியின் செல்லுபடிக்கு ஊரார் நடைமுறையைவிட ஏட்டின் வாசகமும் அதற்கு நீதிபதிகள் கூறிய பொருளுமே முதன்மைச் சான்றாயின. 1844இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் அடிமைகள் பற்றிய பகுதி வலுவிழந்தது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் தேடியதேட்டத்திற்குப் புதிய வரைவிலக்கணம் வகுத்தது. 1947இல் அதுவும் திருத்தப்பட்டது. வழமைச் சொல் நிலைத்தது. அதன் பொருளைச் சட்டமன்றமே தீர்மானித்தது.

ஆகவே, தேசவழமையைப் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நேர்ச்சான்றாகக் கொள்வோர், அதனை எழுதுவித்த அதிகாரத்தையும் ஒப்பிய குழுவினரையும் சேர்த்தே ஆராய வேண்டும். வழமை மக்களிடமிருந்து பிறக்கலாம். அது சட்டமாகும் வாயிலில் மக்களனைவரும் நிற்பதில்லை.