ஊர் மறந்த ஞானி: பிரசங்கி 9:13–18

நீதிமொழிகளும் பிரசங்கியும் விவிலியத்தில் அடுத்தடுத்து நிற்கும் நூல்கள். இரண்டையும் சாலொமோனோடு சேர்த்தே மரபு சொல்லிவந்திருக்கிறது. ஆனால் ஞானத்தால் மனிதனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் இரண்டும் ஒரே பதில் சொல்வதில்லை. நீதிமொழிகள் 3ஆம் அதிகாரத்தில் ஞானம் ஒரு பெண்ணாக வருகிறாள்; ஒரு கையில் நெடிய ஆயுள், மறு கையில் செல்வமும் மதிப்பும். பிரசங்கியின் (கத்தோலிக்க வாசகர்களுக்குச் சபை உரையாளர்) 2ஆம் அதிகாரத்திலோ ஞானியும் மூடனும் ஒன்றுபோலச் சாகிறார்கள், ஒன்றுபோல மறக்கப்படுகிறார்கள். இந்தப் பிணக்கு எனக்கு மிகக் கூர்மையாகத் தெரிவது 9ஆம் அதிகாரத்தின் கடைசி ஆறு வசனங்களில்தான்.

13. சூரியனுக்குக் கீழே தாம் கண்ட ஒன்று தம்மைப் பெரிதும் பாதித்தது என்று ஆசிரியர் தொடங்குகிறார். நூல் முழுக்க அவர் வழி இதுவே. நீதிமொழிகளில் தந்தை மகனுக்குச் சொல்கிறார். தலைமுறைகளின் அனுபவம் அங்கே சான்று. இங்கே ஒருவருடைய கண்தான் சான்று.

14. சின்ன ஊர், சொற்ப ஆட்கள். எதிரே பெரிய அரசன், பெரிய முற்றுகை. ஊருக்கும் பெயரில்லை, அரசனுக்கும் பெயரில்லை. எந்த ஊர் என்று தேடிய உரையாசிரியர்கள் உண்டு. அந்தத் தேடல் இந்தக் கதைக்கு எதையும் கூட்டாது.

15. அந்த ஊரில் ஏழை ஒருவன், ஞானி. தன் அறிவால் ஊரைக் காக்கிறான். அதன்பின் அவனை நினைத்தவர் எவருமில்லை. கதை இவ்வளவுதான்.

நீதிமொழிகளைப் படித்து வளர்ந்த எவரும் இங்கே திடுக்கிடுவார்கள். வலியவர்களின் கோட்டையை ஞானி வீழ்த்துவான் என்கிறது நீதிமொழிகள் 21:22. அந்தப் பாதி இங்கும் பலித்துவிட்டது. ஆனால் தன் வேலையில் தேர்ந்தவன் அரசர் முன் நிற்பான் என்று 22:29 சொல்வதும், நல்லவனின் நினைவு ஆசியாக நிலைக்கும் என்று 10:7 சொல்வதும் இவனுக்குப் பலிக்கவில்லை. ஞானம் தன் வேலையைச் செய்தது. ஊர் தன் கடனைச் செலுத்தவில்லை.

2 சாமுவேல் 20ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒரு துணைக்கதை இருக்கிறது. சேபா என்ற கலகக்காரனைத் துரத்திவந்த யோவாப், ஆபேல் ஊரை முற்றுகையிடுகிறான். அறிவுள்ள பெண் ஒருத்தி மதில்மேலிருந்து அவனோடு பேசுகிறாள். சேபாவின் தலையைக் கொடுத்து ஊர் தப்புகிறது. கலகக்காரனின் பெயரையும் படைத்தலைவனின் பெயரையும் எழுதிவைத்த அந்த நூல் அவள் பெயரை எழுதவில்லை. பிரசங்கி சொல்லும் மறதி வேதத்தின் பக்கங்களுக்குள்ளேயே நடந்திருக்கிறது.

16. வலிமையைவிட ஞானம் மேல் என்கிறார். அடுத்த மூச்சிலேயே, ஏழையின் ஞானத்தை எவரும் மதிப்பதில்லை, அவன் பேச்சைக் கேட்பாரில்லை என்கிறார். கேட்கவே இல்லையென்றால் ஊர் எப்படித் தப்பியது? அதனால் 15ஆம் வசனத்தைக் 'காத்திருக்கக்கூடும்' என்று கொள்வோரும் உண்டு. காத்தான் என்றே நான் கொள்கிறேன். மறப்பதற்கு முதலில் ஒரு நன்மை நடந்திருக்க வேண்டும். முற்றுகையின்போது கேட்ட ஊர், முற்றுகை விலகியதும் கேட்கவில்லை.

காரணம் அவனுடைய வறுமை. நீதிமொழிகளுக்கும் இது தெரியாததல்ல: ஏழையை அக்கம்பக்கத்தாரும் வெறுப்பதை 14:20 சொல்கிறது, அறிவுள்ள ஏழை பணக்காரனின் உள்ளீட்டைக் கண்டுகொள்வதை 28:11 சொல்கிறது. ஆனால் அவன் கண்டதை ஊர் கேட்டதா என்று அந்நூல் மேலே போய்க் கேட்பதில்லை. பிரசங்கி கேட்கிறார்.

இவ்விரு குரல்களையும் எப்படியாவது ஒன்றாக்கிவிட வேண்டும் என்று துடிக்கும் உரைகளை என்னால் ஏற்க முடியவில்லை. பிரசங்கியின் சொற்கள் ஒன்றோடொன்று முரண்படுவதால் அதை ஒதுக்கிவைக்க யூத ஞானிகள் எண்ணியதை பாபிலோனிய தல்மூதின் சப்பாத் பகுதி பதிவு செய்கிறது. நீதிமொழிகள்மீதும் அதே ஐயம் எழுந்ததாம். மூடனுக்குப் பதில் சொல்லாதே, சொல் என்று 26:4, 5இல் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றனவே. கடைசியில் அவர்கள் எதையும் ஒதுக்கவில்லை. இரண்டு நூல்களும் வேதத்தில் நின்றன.

17. மூடர் நடுவே ஆள்பவன் போடும் கூச்சலைவிட, ஞானியின் அடங்கிய பேச்சு கேட்கத் தகுந்தது. முன் வசனத்தின் தொடர்ச்சி. மிகுதி விளக்கம் வேண்டாம்.

18. போர்க்கருவிகளைவிட ஞானம் மேல். ஆனால் தவறிழைக்கும் ஒருவன் நிறைய நன்மையைப் பாழாக்கிவிடுவான். 16இலும் இங்கும் 'மேல்' என்ற தீர்ப்பை அவர் திரும்பப் பெறவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கைவிட்டது ஞானத்தை அல்ல, ஞானத்துக்குக் கூலி உறுதி என்ற நம்பிக்கையை. ஞானியின் மதிப்பை அவனுக்குக் கிடைத்த பரிசால் அளந்தால் இந்த ஏழை ஒன்றுமில்லாதவன்; தப்பிய ஊரால் அளந்தால் அந்த அரசனைவிடப் பெரியவன். அதிகார எண்கள் பிற்காலத்தில் இடப்பட்டவை என்பதால் இங்கே நின்றுவிடக் கூடாது. செத்த ஈக்களால் நறுமணத் தைலம் கெட்டு நாறுவதைச் சொல்லும் 10:1, ஒருவனால் பாழாகும் நன்மையைப் பற்றிய இதே பேச்சின் அடுத்த வாக்கியம்.