அவ்வை சண்முகி: பாண்டியன் ஏன் மாமியாக மாற வேண்டியிருந்தது?

வேலந்தாவளத்தில் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் தமிழ்நாடு. டிவிக்கு மட்டும் எல்லை கிடையாது. தீபாவளி லீவுக்கு அங்கே பெரியம்மா வீட்டுக்குப் போனால் ஏதாவது ஒரு சேனலில் 'அவ்வை சண்முகி' ஓடிக்கொண்டிருக்கும். மாமி திரையில் வந்ததும் சமையல்கட்டில் இருப்பவர்கள் எல்லாம் ஹாலுக்கு வந்துவிடுவார்கள்.

படம் வெளியானது 1996 நவம்பர் 10, தீபாவளி அன்று. கே.எஸ். ரவிக்குமார் இயக்கம், கிரேசி மோகன் வசனம், தேவா இசை. அன்று கைதட்டிச் சிரித்த குழந்தைகளில் பலருக்கு இன்று குழந்தைகள் இருக்கிறார்கள். இப்போது திரும்பப் பார்த்தால் காமெடிக்கு அடியில் வேறொரு விஷயம் கண்ணில் படுகிறது.

கதை என்ன?

பாண்டியன் (கமல்ஹாசன்) சினிமாவில் உதவி நடன இயக்குநர். கையில் காசு நிற்காது. பணக்காரர் விஸ்வநாத ஐயரின் (ஜெமினி கணேசன்) மகள் ஜானகியை (மீனா) காதலித்துக் கல்யாணம் செய்கிறார். அது விவாகரத்தில் முடிகிறது. மகள் பாரதி அம்மாவிடம் போகிறாள். அப்பாவுக்கு மிஞ்சுவது அனுமதித்த நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்புவது மட்டும்தான். பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று தெரிந்ததும், மேக்கப் கலைஞர் ஜோசப்பின் (நாகேஷ்) உதவியோடு மடிசார் கட்டிய மாமியாக அந்த வீட்டுக்குள் நுழைகிறார் பாண்டியன்.

மூலம் ஹாலிவுட்டின் 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993). ராபின் வில்லியம்ஸ் நடித்த அந்தப் படமும் ஆன் ஃபைன் 1987-ல் எழுதிய நாவலில் இருந்து வந்ததுதான். ஆனால் தமிழில் சேர்த்தவை சாதாரணமல்ல. முதலாளியே மாமி மேல் ஆசைப்படுகிறார். வீட்டு ஓனர் முதலியாரும் (மணிவண்ணன்) அப்படியே. நண்பர் பாஷா (நாசர்) முஸ்லிம். ஐயர் வீட்டுச் சமையல்கட்டில் வேலை கிடைக்க, அவர் வாய் பேசாத பிராமணராக நடிக்க வேண்டியிருக்கிறது. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வார், அதனால் வாயே வேண்டாம்! அந்த வீட்டுக்குள் வர அப்பாவுக்கு ஒரு வேஷம், சமையல்காரருக்கு ஒரு வேஷம். இந்தக் கிண்டல் மூலக்கதையில் கிடையாது.

பெயர் எங்கிருந்து வந்தது?

நாடக மேதை டி.கே. சண்முகம் அவ்வையார் வேடத்தில் நடித்ததால் 'அவ்வை சண்முகம்' ஆனார். சென்னையில் லாயிட்ஸ் ரோடுக்கு இன்று அவர் பெயர்தான். சிறுவனாக கமல் அவருடைய நாடகக் குழுவில் பயின்றவர். ஆண், கிழவி வேடம் போட்டு மரியாதை வாங்கிய ஒரு மரபுக்கு இந்தத் தலைப்பு ஒரு வணக்கம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1960-ல் 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தை நட்சத்திரமாக கமல் அறிமுகமானபோது, அவருக்கு அப்பாவாக நடித்தவர் ஜெமினி கணேசன். 36 வருஷம் கழித்து அதே ஜெமினி, சேலை கட்டிய கமலிடம் காதல் சொல்கிறார்.

மேக்கப் மைக்கேல் வெஸ்ட்மோர், 'மாஸ்க்' (1985) படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். பேச்சுவழக்கில் கமல் ஏற்கெனவே கை தேர்ந்தவர். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) காமேஸ்வரன் பேசும் பாலக்காட்டுத் தமிழை எங்கள் பக்கத்து ஆட்கள் இன்றும் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள்.

சரி, இதில் என்ன பிரச்னை?

பாண்டியன் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறார், குளிப்பாட்டுகிறார், தூங்க வைக்கிறார். அப்பாவாக இருந்தபோது 'பொறுப்பில்லாதவன்'. அதையே மாமியாகச் செய்தால் வீடே கொண்டாடுகிறது. ஆள் ஒன்றுதான், சேலைதான் வித்தியாசம்.

இது வெறும் சினிமா லாஜிக் இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் ஈடுபட்டார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். ஈடுபட்டவர்களிலும் பெண்கள் செலவழித்தது ஒரு நாளைக்குச் சுமார் 140 நிமிடம், ஆண்கள் 74 நிமிடம். அதாவது ஐந்தில் நான்கு ஆண்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

சட்டம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. 1956-ன் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவு, குழந்தையின் இயற்கைக் காப்பாளர் அப்பா, 'அவருக்குப் பிறகு' அம்மா என்கிறது. அதே பிரிவுதான் ஐந்து வயது முடியாத குழந்தை பொதுவாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சொத்து, கையெழுத்து என்றால் அப்பா. பால், தூக்கம் என்றால் அம்மா. கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம், 'பிறகு' என்றால் அப்பா இறந்த பிறகு என்று மட்டும் அர்த்தமில்லை, அவர் இல்லாத நிலையில் அம்மாவும் காப்பாளர்தான் என்று விளக்கியது. யாரிடம் குழந்தை வளர வேண்டும் என்ற வழக்குகளில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது குழந்தையின் நலனைத்தான்.

ஆபீஸிலும் இதே கதைதான். மகப்பேறு விடுப்பு 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம். மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள். தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. கம்பெனி மனசு வைத்தால் உண்டு.

படத்துக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். விவாகரத்தான மனைவியின் வீட்டுக்குள் வேஷம் போட்டு நுழைவதை இன்று யாராவது செய்தால் நாம் சிரிக்க மாட்டோம், போலீஸைக் கூப்பிடுவோம். ஜானகி தரப்பு நியாயத்தைப் படம் பெரிதாகக் கேட்பதும் இல்லை. ஆனால் பாண்டியனுக்கும் ஒரு பாடம் கிடைக்கிறது. சேலை கட்டியதும் முதலாளியும் வீட்டு ஓனரும் துரத்துகிறார்கள். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பதை அவர் மாமியாகத்தான் தெரிந்துகொள்கிறார்.

கமல் இதையே இந்தியில் 'சாச்சி 420' (1997) என்று தானே இயக்கினார். இங்கே மாமி, அங்கே சாச்சி, அதாவது சித்தி. சம்பளத்துக்கு வந்தவரையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறோம். அதில் மகளாக வந்த குட்டிப் பெண்தான் பின்னாளில் 'தங்கல்' (2016) படத்தில் நடித்த ஃபாத்திமா சனா ஷேக்.

மூலத்துக்கும் தமிழுக்கும் பெரிய வித்தியாசம் முடிவில். 'மிஸஸ் டவுட்ஃபயர்' அப்பா அம்மாவைச் சேர்த்து வைக்கவில்லை. பிரிந்தே இருக்கிறார்கள், ஆனால் குழந்தைகளோடு இருக்க அப்பாவுக்கு நேரம் கிடைக்கிறது, வேஷம் இல்லாமலே. தமிழில் பாண்டியனும் ஜானகியும் மறுபடி சேர்ந்துவிடுகிறார்கள். தீபாவளிப் படம் அல்லவா!